கூப்பிட்டா என்னன்னு கேக்கணும்லா

தென்காசியில் ஹெல்மெட் போடாமல் வந்து போலீசில் மாட்டியவர்களுக்குக் குறைவே இல்லை. மாட்டிய இடத்திலேயே பாடிக் காட்டிவிட்டு வந்தவர் எனக்குத் தெரிந்து அண்ணாச்சி ஒருவர்தான். அன்றைக்கு அவருடைய ஸ்கூட்டரின் பின்சீட்டில் நான் இருந்தேன். நிறுத்தியவர் சின்ன வயசு எஸ்.ஐ. வண்டிச் சாவியை உருவக் கை நீட்டியவர், அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

“சார், நீங்க அந்தப் பாட்டு பாடுனவருல்லா?”

“ஆமாய்யா.”

“அந்தக் கூப்பாடு மட்டும் ஒரு தடவ போடுங்க சார். எங்க அம்மைக்கு அனுப்பணும். உங்க பாட்டுன்னா உசுரு அவளுக்கு.” சொல்லிக்கொண்டே செல்போனைத் தூக்கிப் பிடித்துவிட்டார்.

நடுரோடு. காலை நேரத்து நெரிசல். நான் அண்ணாச்சியின் முதுகில் ஒரு குத்துக் குத்தினேன், முடியாது என்று சொல்லுங்கள் என்கிற அர்த்தத்தில். அவர் தொண்டையைச் செருமினார். வலது கை மெதுவாக மேலே போனது. அந்தக் கை மேலே போய்விட்டால் அப்புறம் யார் வந்தாலும் நிறுத்த முடியாது.

“ஏலேஏஏஏய்…”

அடிவயிற்றில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, உச்சியில் போய் லேசாக நடுங்கி நின்றது அந்தக் குரல். பஸ் டிரைவர், பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா, வாழைத்தார் ஏற்றிப் பாவூர்சத்திரம் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த டெம்போவின் மேல் உட்கார்ந்திருந்தவர்கள், எல்லாரும் ஒரே வாயாகத் திருப்பிச் சொன்னார்கள்.

“என்னலே!”

எஸ்.ஐ. சல்யூட் அடித்து அனுப்பினார். கொஞ்ச தூரம் வந்ததும் அண்ணாச்சி, “ஃபைன் கட்டியிருக்கலாம் தங்கச்சி” என்றார்.

“நான் குத்துனது உறைக்கலையா? முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதான?”

“கேட்டுட்டான்லா. கூப்பிட்டா என்னன்னு கேக்கணும்லா. கேக்காமப் போனா மனுசனா?”

இதுதான் அண்ணாச்சி. இதற்கு மேல் நான் எழுதுவதெல்லாம் இதன் விளக்கம் மட்டுமே.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினாலும் பாதிப் பேருக்கு ஆள் பிடிபடாது. ஏலே பாட்டுக்காரர் என்றால் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இளவயதில் சென்னைக்குப் போய், கோரஸில் பின்வரிசையில் நின்று பாடிக்கொண்டிருந்தவர். ஒரு படத்தில் மலை உச்சியில் நிற்கும் கதாநாயகன் கீழே இருக்கும் நண்பனைக் கூப்பிடுவதாகப் பாட்டு ஆரம்பிக்க வேண்டும். யாருடைய கூப்பாடும் சரியாக வரவில்லை. பின்வரிசையிலிருந்து இவர், “நான் கூப்பிட்டுப் பாக்கட்டுமா?” என்று கேட்டிருக்கிறார். கூப்பிட்டார். பாட்டையும் அவருக்கே கொடுத்துவிட்டார்கள். படம் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. பாட்டு மட்டும் போகவில்லை. அதன்பிறகு சினிமாவில் அவரை யாரும் கூப்பிடவும் இல்லை. ஊருக்குத் திரும்பிக் கச்சேரிக் குழு ஆரம்பித்தார்.

நான் அந்தக் குழுவில் பெண் குரல். பகலில் தென்காசியில் ரவிக்கை தைக்கிற கடை, சாயங்காலம் மேடை. அந்தப் பாட்டில் என் வேலை என்ன தெரியுமா? அண்ணாச்சியின் கூப்பாடு முடிந்து, ஜனங்களின் சத்தம் அடங்கியதும், “ம்ம்ம்… ம்ம்…” என்று முனகுவது. வேறு ஒரு வார்த்தை கிடையாது. பதினேழு வயதில் முனக ஆரம்பித்தவள், என் மகள் காலேஜுக்குப் போன பிறகும் முனகிக்கொண்டிருந்தேன். அதனால் அந்தப் பாட்டின் மேல் எனக்கும் ஒரு வஞ்சம் உண்டு. இந்தக் கதையை நடுநிலையாகச் சொல்லுகிறேன் என்று யாரும் நம்ப வேண்டாம்.

“என்னலே” என்கிற பதில் படத்துப் பாட்டில் இல்லை. ஏதோ ஒரு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில், பந்தலுக்கு வெளியே தள்ளாடி நின்ற ஒருத்தன், தன்னைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் பதில் கொடுத்திருக்கிறான். கூட்டம் சிரித்தது. அடுத்த ஊரில் நாலு பேர் சொன்னார்கள். அடுத்த வருஷம் எல்லா ஊரிலும் சொன்னார்கள். பேரன் வயசுப் பிள்ளை அவரை லே போட்டுப் பேச ஊரே சம்மதித்த இடம் அது ஒன்றுதான். பெரிய மனுஷர்கள், மணியக்காரர், பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் எல்லாரும் வாய் நிறையச் சொல்லிவிட்டு வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். அந்த ஒரு நொடி எல்லாருக்கும் பிடித்திருந்தது. அதைப் பறிக்க அண்ணாச்சிக்கு மனசு வரவில்லை.

ஆனால் வேனில் ஏறும்போது மட்டும் வீராப்பு பேசுவார். “இன்னைக்கு அதப் பாட மாட்டேன். பாத்துக்கிட்டே இருங்க.”

கீபோர்டு வாசிக்கிற பாய் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். “சரி அண்ணாச்சி. எத்தனாவதா பாட மாட்டீங்க?”

பாய் கேட்பது கிண்டல்தான் என்றாலும் அதில் ஒரு தொழில் சங்கடம் இருந்தது. பாட்டை முதலில் பாடினால் வந்த காரியம் முடிந்தது என்று கூட்டம் எழுந்து போய்விடும். கடைசிக்கு வைத்தால், நடுவில் எதைப் பாடினாலும் “ஏலே எப்போ? ஏலே எப்போ?” என்று சத்தம் வரும். நடுவில் வைத்தால் பாதிப் பேர் பாதியில் வருவார்கள், இன்னொரு தடவை பாடச் சொல்வார்கள். ரவிக்கையில் கழுத்து இறக்கம் தப்பிப் போனால் மேலே இழுத்தாலும் கீழே இழுத்தாலும் உட்காராது. அந்த மாதிரி, எங்கே வைத்தாலும் மற்ற பாட்டுகளை அது உட்கார விடவில்லை.

“இன்னொரு ஹிட்டு குடுங்க அண்ணாச்சி. இத மறந்துருவாவ” என்று பாய் ஒருநாள் சொன்னார்.

“குடுத்தா அதுல மாட்டுவேன்லா. இப்பம் ஒரு கயிறு, அப்பம் ரெண்டு கயிறு.”

“ரசிகன் என்ன தப்பு பண்ணான்? தெரிஞ்ச பாட்டு கேக்கணும்னுதான சேர் பிடிச்சு உக்காருதான்.”

“அவன் தப்பு பண்ணலலே. அதான் என் கஷ்டம். தப்பு பண்ணா ரெண்டு வார்த்த ஏசிட்டுப் போயிருவேன். சந்தோசமால்லா கூப்பிடுதான்.”

 

அவர் யார் கூப்பிட்டாலும் நிற்பவர். செல்போன் அடித்தால், சோற்றில் வைத்த கையை உதறிவிட்டு எடுப்பார். ராங் நம்பர்காரனிடம் ஊர், பிழைப்பு, பிள்ளைகள் எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் வைப்பார். அவர் மனைவி, எனக்கு மதினி, தலையில் அடித்துக்கொள்வாள். குத்துக்கல்வலசையில் அவர்கள் வீடு கட்டிப் போனபோது சுற்றிலும் வெறும் பொட்டல். அமைதியாக இருக்கும் என்றுதான் போனார். பிறகு பக்கத்தில் வீடுகள் வந்தன. பிள்ளைகள் வந்தார்கள். செல்போனில் அரை நிமிஷ வீடியோ போடுகிற காலமும் வந்தது. எவனோ ஒரு பையன் அண்ணாச்சியின் கூப்பாட்டை மட்டும் வெட்டியெடுத்து, தூங்குகிற நண்பனை எழுப்புகிற மாதிரி ஒரு வீடியோ போட, அதைப் பார்த்து ஆயிரம் பேர் போட்டார்கள். அதற்குப் பிறகு வந்த பிள்ளைகளுக்கு முழுப் பாட்டும் வேண்டாம். கூப்பாடு போட்டதும் பதிலைச் சொல்லிவிட்டு, என் முனகல் ஆரம்பிக்கும்போதே செல்போனைப் பைக்குள் வைத்துவிடுவார்கள். முதலில் அவருடைய மற்ற பாட்டெல்லாம் போனது, பிறகு அந்த ஒரு பாட்டிலும் சரணமெல்லாம் போனது, கடைசியில் ஒரு சத்தம் மட்டும் மிச்சம். ஒரு ஆள் நிற்பதற்கு அந்த இடம் போதுமா?

நான் ஒருதடவை கேட்டேன், அந்தக் கூப்பாட்டை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று. குற்றாலத்தில் என்றார். அவருடைய அப்பா அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். சீசனில் கூட்டம் நெரியும்போது அண்ணாச்சியும் தம்பியும் எண்ணெய்க் கிண்ணத்தோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நிற்பார்கள். கிண்ணத்தில் எண்ணெய் தீர்ந்தால் தம்பியைக் கூப்பிட வேண்டும். நடுவில் அருவி விழுகிற சத்தம்.

“சும்மா கத்துனா கேக்காது தங்கச்சி. சத்தம் அமுக்கிரும். கீழ இருந்து ஆரம்பிச்சு, அருவிச் சத்தத்துக்கு மேல ஏறி, அங்கன நிக்கணும். அப்பந்தான் அவன் திரும்புவான். இது பாட்டே இல்ல. எண்ணெய் தீந்துபோச்சு, அவ்வளவுதான்.”

அவருடைய பாட்டு என்று அவர் நினைத்தது வேறு. அவரே கட்டி, அவரே மெட்டுப் போட்டு, வருஷக்கணக்காக மாற்றி மாற்றி வைத்திருந்த ஒரு பாட்டு. கோடையில் தண்ணீர் வற்றிப் போன குற்றாலத்தைப் பற்றியது. லாட்ஜுகள் பூட்டிக் கிடக்கும், குரங்குகள் பசியோடு சுவரில் உட்கார்ந்திருக்கும், சிப்ஸ் கடை அடுப்பு ஆறிக் கிடக்கும். அருவி விழுகிற இடத்தில் பாறை மட்டும் நிற்கும்.

“சீசன்ல எல்லாவனும் தண்ணியப் பாக்கான். பாறைய எவன் பாத்தான்? தண்ணி இல்லாதப்பம் அங்கன போயி நின்னு பாரு. மெதுவாப் பேசினாலே அந்தப் பக்கம் இருக்கவனுக்குக் கேக்கும். கத்தவே வேண்டாம்.”

அந்தப் பாட்டையும் அப்படித்தான் பாடுவார், கத்தாமல். வேனில், எல்லாரும் கண் அசந்த பிறகு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

*தண்ணி வத்திப் போச்சு, இனி தாழப் பேசு தாயீ,*
*கல்லுக்கும் காது உண்டு, கத்த வேண்டாம் தாயீ.*

நான் தூங்குவது போல இருந்து கேட்டிருக்கிறேன். கல்யாணமான புதிதில் நான் அழாமல் அடக்கி வைத்த அழுகையெல்லாம் அந்த இரண்டு வரியில் வந்து நின்றது. நல்ல பாட்டு. என் ரசனையை நம்பலாமா என்றால், சொல்லத் தெரியவில்லை. மதினியிடம் முதன்முதலில் பாடிக் காட்டியபோது அவள் அரிசி களைந்துகொண்டே முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னாளாம்: “நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பாட்டு மாதிரி வராது.” இதைச் சொல்லிவிட்டு அண்ணாச்சி கண்ணில் நீர் வருகிற மட்டும் சிரித்தார். அது சிரிப்பால் வந்த நீர்தான் என்று நானும் எடுத்துக்கொண்டேன்.

ஒரு மேடையில், ஒரே ஒரு தடவை, அந்தப் பாட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் யாரும் குறுக்கே கூப்பிடாமல் பாடி முடிக்க வேண்டும். அவர் ஆசை அவ்வளவுதான். கைதட்டல்கூட அவர் கேட்கவில்லை. நாலைந்து ஊரில் ஆரம்பித்துப் பார்த்தார். மெதுவான பாட்டு, பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே கொஞ்சம் அமைதி வரும். அந்த அமைதியில் எங்கிருந்தாவது ஒரு பொடியன் “ஏலேஏஏய்!” என்பான். மைதானம் முழுக்க “என்னலே!” என்னும். அண்ணாச்சி நிறுத்திவிட்டு எங்களைத் திரும்பிப் பார்ப்பார். வலது கை மேலே போய்விடும். எனக்கு வருகிற கோபத்துக்கு அந்தக் கையை இழுத்து இடுப்போடு தைத்துவிடலாமா என்றிருக்கும்.

சந்தையில் கமிஷன் கடை வைத்திருந்த ஒருவர் இறந்துபோனார். அண்ணாச்சிக்குத் தூரத்துப் பழக்கம். நானும் அவரும் துட்டி கேட்கப் போனோம். மாலையைப் போட்டுவிட்டு நகரும்போது அந்த வீட்டு மகன், ராணுவத்திலிருந்து அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தவன், அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணாச்சி, அப்பாவுக்கு உங்க பாட்டுன்னா அவ்வளவு பிரியம். கொடைக்குக் கொடை வந்து முன்னாடி உக்காருவாவ. ஒரு தடவ கூப்பிட்டுருங்க. அப்பா கேட்டுட்டுப் போகட்டும்.”

 செத்த வீட்டில் போய் இதைக் கேட்பார்களா? ஆனால் அந்தப் பையன் முகத்தில் விளையாட்டு இல்லை. அண்ணாச்சி கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தவரைப் பார்த்தார். கை போனது. கூப்பிட்டார். ஏறிய குரல் உச்சியில் நின்று முடிந்தது. பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள். வெளியே நாற்காலியில் இருந்த ஆண்கள் எல்லாரும் அவருடைய ரசிகர்கள்தான், ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த இடத்தில் யார் பதில் சொல்லுவார்கள்? கொஞ்ச நேரம் கழித்து, முதலில் ஒருத்தி, பிறகு எல்லாருமாக அழ ஆரம்பித்தார்கள்.

திரும்பி வரும்போது சுரண்டை விலக்கில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அண்ணாச்சி இறங்கி நின்றார். 

“பதில் வரலலா தங்கச்சி.”

“எப்படி வரும் அண்ணாச்சி? வாங்க போவோம்.”

“இல்ல. இத்தன வருசத்துல முதல் தடவையா பதில் வரல. ஒரு நிமிசம் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. செத்த வீட்டுல நின்னுக்கிட்டு நிம்மதியா இருந்துச்சுன்னு சொல்லுதேன் பாரு, நான் என்ன மனுசன்?”

 தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, வழக்கம்போல, என்னைக் கடை வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.

அப்புறம் தொண்டை மக்கர் செய்தது. சரணமெல்லாம் சுகமாகப் பாடினார். கூப்பாட்டின் உச்சியில் மட்டும் குரல் உடைந்தது. டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இனி உச்சத்தில் போய்க் கத்தக் கூடாது, கத்தினால் பேச்சும் போய்விடும் என்றார். சொல்லி முடித்துவிட்டு அந்த டாக்டரே, “கடைசியா ஒரு தடவ, மெதுவா…” என்று இழுத்தாராம். நல்லவேளை, மதினி கூட இருந்தாள்.

பாய்தான் வழி சொன்னார். மேடையில் அவரிடம் ஒரு பேட் உண்டு. தட்டினால் உடுக்கைச் சத்தம், மணிச் சத்தம், இடிச் சத்தம் எல்லாம் வரும். அதில் அண்ணாச்சியின் கூப்பாட்டை ஒருமுறை நன்றாகப் பதிந்து போட்டுவிட்டால், வேண்டும்போது ஒரு தட்டு தட்டினால் போதும். தொண்டைக்கு வேலை இல்லை.

நான் வேண்டாம் என்றேன். அண்ணாச்சிக்கோ முகம் மலர்ந்துவிட்டது. “ஏட்டி, இது புரியலையா உனக்கு? கூப்பிடுத வேலைய அந்தப் பொட்டி பாத்துக்கிடும். அவங்களுக்கு வேண்டியத அது குடுத்துரும். நான் என் பாட்டப் பாடலாம்லா!”

குத்துக்கல்வலசை வீட்டில், ஜன்னலெல்லாம் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வியர்க்க வியர்க்கப் பதிவு செய்தோம். இது ஒன்றோடு சரி என்று சம்மதித்து, தொண்டைக்கு வெந்நீரும் பனங்கற்கண்டுமாக மதினி நின்றாள். அண்ணாச்சி, பார்க்க ஒருத்தரும் இல்லாத அந்த அறையிலும் வலது கையைத் தூக்கினார். அன்றைக்கு மாதிரி அவர் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. குரல் உடையவே இல்லை. உச்சியில் போய் அது நின்ற நொடியில், சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டு அடுப்படியிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

“என்னலே!”

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். பதிலும் சேர்ந்து பதிவாகிவிட்டது. மதினி போய் அந்த வீட்டில், “கொஞ்ச நேரம் பதில் சொல்லாதீங்க” என்று கெஞ்சிவிட்டு வந்த பிறகு மறுபடி பதிந்தோம்.

அந்த வருஷம் சீசனுக்குக் குற்றாலத்தில் கச்சேரி. அருவிக்குப் போகிற ரோட்டை ஒட்டி மேடை, வரிசையாக பிளாஸ்டிக் சேர்கள், சாயங்கால வெளிச்சம், சாரல். அண்ணாச்சி நான் தைத்துக் கொடுத்த இளநீலச் சட்டையைப் போட்டிருந்தார். வேனில் வீராப்பு எதுவும் பேசவில்லை. அது எனக்குப் புதிதாக இருந்தது.

“ஏலேயை முதல்லயே குடுத்துருவோம்” என்றார்.

“முதல்ல குடுத்தா எந்திரிச்சுப் போயிருவாவ அண்ணாச்சி” என்றார் பாய்.

“போறவன் போகட்டும். அவனுக்கு வேண்டியது கிடைச்சாச்சு. இருக்கவன் எனக்காக இருக்கான்னு அர்த்தம். அவனுக்குப் பாடுதேன்.”

மேடையில் விளக்குப் போட்டார்கள். தலையில் எண்ணெயும் தோளில் ஈரத்துண்டுமாக ஜனங்கள் வந்து சேர்களை நிரப்பினார்கள். பாய் பேடைத் தட்டினார். நாலு பக்கத்து ஸ்பீக்கரிலிருந்தும் அண்ணாச்சியின் கூப்பாடு கிளம்பியது. அவர் சும்மா கையை மட்டும் தூக்கி நின்றார். அவர் வாயிலிருந்து வரவில்லை என்று முன்வரிசைக்குக்கூடத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் கவலைப்பட்டிருப்பார்களா என்று இப்போது எனக்குச் சந்தேகம்.

“என்னலே!” என்று மலை அதிர்ந்தது.

ஒன்ஸ்மோர் கேட்டார்கள். பாய் தட்டினார். இன்னொன்று கேட்டார்கள். தட்டினார். பேடுக்கு மூச்சு வாங்குமா, தொண்டை கட்டுமா? கேட்டவர்களுக்கெல்லாம் கேட்டபடி கிடைத்தது. பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்து வீடியோ எடுத்தார்கள். நான் முனகினேன், அவர் சரணம் பாடினார், பாட்டு முடிந்தது. வயிறு நிறைந்த முகத்தோடு கூட்டம் எழுந்துகொண்டது. சாரல் கொஞ்சம் வலுத்திருந்தது. சிலர் பிளாஸ்டிக் சேரைத் தூக்கித் தலைக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் வரை போய், அங்கே போட்டுவிட்டு நடந்தார்கள்.

அண்ணாச்சி பாயைப் பார்த்துத் தலையசைத்தார். தன் பாட்டை ஆரம்பித்தார்.

யாரும் குறுக்கே கூப்பிடவில்லை. பல்லவிக்குப் பிறகு வருகிற அமைதி, அமைதியாகவே இருந்தது. முதல் சரணம் அவர் பாடி நான் கேட்டதிலேயே அன்றைக்குத்தான் நன்றாக வந்தது. எதிரே சேர்கள் நனைந்துகொண்டிருந்தன. பின்வரிசையில் தலைக்கு மேல் சேரைப் பிடித்தபடி நாலைந்து பேர் இருந்தார்கள், மழை விடட்டும் என்று. சேர்க்காரர்கள் ஒரு ஓரத்திலிருந்து அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பின்னால் இருந்தவர்களிடமும் ஏதோ சொல்லி, அவர்கள் தலைமேல் இருந்ததையும் வாங்கி அடுக்கினார்கள். எல்லாரும் போய்விட்டார்கள்.

இரண்டாவது சரணத்துக்கு பாய் இசையைக் கொண்டுவந்து நிறுத்தினார். அண்ணாச்சி எடுக்கவில்லை. பாய் திரும்பவும் வாசித்துக் கொண்டுவந்தார். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டை நோக்கி முதுகும் துண்டுமாகப் போய்க்கொண்டிருந்தது அவருடைய கூட்டம்.

“பாடுங்க அண்ணாச்சி. நான் கேக்கேன்லா” என்றேன். உண்மையாகவே கெஞ்சினேன். இத்தனை வருஷம் அவர் கேட்டது இதைத்தானே, யாரும் குறுக்கே வராத மேடை? இன்னும் ஒரு சரணம் பாடிவிட்டால் ஆசை நிறைவேறிவிடும். இனி எந்தக் காலத்திலும் இப்படி ஒரு அமைதி கிடைக்காது.

அவர் மைக்கை ஸ்டாண்டில் மாட்டினார். பாயிடம் போனார். தானே கையை நீட்டி பேடைத் தட்டினார்.

“ஏலேஏஏஏய்…”

ரோட்டில் போய்க்கொண்டிருந்தவர்கள், நடந்துகொண்டே, திரும்பாமலே, “என்னலே!” என்றார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒருத்தர்கூட நிற்கவில்லை. பதில் சொல்லியாகிவிட்டது, இனி எதற்கு நிற்க வேண்டும்?

 அவர்கள் எல்லாரும் வளைவைத் தாண்டி மறைகிற வரைக்கும் அண்ணாச்சி பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மறுபடியும் தட்டினார். பாய் அவர் கையைப் பிடிக்கப் போனவர், பிடிக்காமல் விட்டுவிட்டார்.

அடிவயிற்றில் ஆரம்பித்து, ஏறி, உச்சியில் போய் நடுங்கி நின்று முடிந்தது அந்தக் குரல். பதில் வரவில்லை. ஆள் இல்லை. அருவி விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. துட்டி வீட்டில் வந்தது போல இப்போதும் அவருக்கு ஒரு நிமிஷம் நிம்மதி வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை. பெட்டிக்குள்ளிருந்து கூப்பிட்டது யாரையென்று தேடுகிறவர் போல மேடையைச் சுற்றிப் பார்த்தார். என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், அடுக்கி வைத்த சேர்களைப் பார்த்தார். கூப்பிட்ட பிறகு பேசாமல் நிற்க அவருக்குத் தெரியாதே.

“என்னலே,” என்றார், பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.